ஜாவாக்காரன் செய்யாத தியாகம்

சென்ற மாதம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். கதை எழுதுகிறவர்களை இம்மாதிரி விழாக்களுக்கு அழைப்பது பரிசுப் புத்தகங்களை எடுத்துக் கொடுப்பதற்காகத்தான். பேசுவதற்கென்று வேறொருவர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மகன் ஜாவாவில் உத்தியோகமாக இருந்தபோது அங்கே போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதையும், அந்தத் தெலுங்கை எழுதப் படிக்கத் தமக்குத் தெரியாது என்பதையும் பிறகு அவரே சொன்னார். நம் பக்கத்தில் அப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு.

"ஆந்திரனைப் பாருங்கள், ஜாவாக்காரனையும் பாருங்கள்!" என்று ஆரம்பித்தார். "இவன் பாஷை பேசுகிறவர்கள் 8 கோடி. அவன் பாஷை பேசுகிறவர்களும் ஏறக்குறைய 8 கோடி. இவன் என்ன செய்தான்? பாஷைக்காக ஒரு மனிதரைப் பட்டினி கிடந்து சாக விட்டான். தேசத்தைப் பாஷைவாரியாகக் கூறு போட வழி காட்டினான். அவன் என்ன செய்தான்? தேசத்து ஜனங்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தானாகவே இருந்தும், 'என் பாஷை வேண்டாம்; மலாய் பாஷையே எல்லோருக்கும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுக் கொடுத்தான். தியாகம் என்றால் அதுவல்லவா தியாகம்! அங்கே பேரப்பிள்ளைகள் தாத்தாவிடம்கூட இந்தோனேஷிய பாஷையில்தான் பேசுகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன்!"

பலத்த கரகோஷம். என் கையில் புத்தகக் கட்டு இருந்ததால் நான் தட்டவில்லை.

விழா முடிந்து காப்பி சாப்பிடும்போது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸார், மேடையில் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது. ஜாவா பாஷையில் மூன்றுக்கு 'தெலு' என்று பெயர். தெலுங்கு என்ற பெயர் எதிலிருந்து வந்தது? திரிலிங்கம்! மூன்று லிங்கம்! எப்படி ஒட்டிக்கொள்கிறது பார்த்தீர்களா? இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் பாஷா சாஸ்திரம் படித்தவன் அல்ல. காலேஜ் வாசத்தை இரண்டு வருஷத்தில் முடித்துக்கொண்டவன். ஆனால் யார் யாரிடம் எந்த வார்த்தையில் பேசுவார்கள் என்று யோசிப்பதே இருபது வருஷமாக எனக்குப் பிழைப்பாக இருக்கிறது. அந்த ஒரு பாத்தியதையை வைத்துக்கொண்டு பெரியவரோடு சண்டைக்குப் போகிறேன்.

முதலில் அந்த ஒரு தாய் வயிற்று விஷயம். ஜாவாக்காரன் தன்னை 'அகு' என்று சொல்லிக்கொள்கிறான். தெலுங்கில் 'ஆகு' என்றால் இலை. அதற்காக ஜாவாக்காரர்கள் தங்களை வாழை இலை என்று கருதுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பெரியவரே சிரிப்பார். 'தெலு'வும் திரிலிங்கமும் அந்த ரகந்தான். தெலுங்கு, தமிழும் கன்னடமும் பிறந்த திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜாவா மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பம். ஐந்துக்கு ஜாவாவில் 'லிமா', மலாயில் 'லிமா', பிலிப்பைன்ஸ் தீவுகளின் தகாலோகிலும் 'லிமா'. ஆப்பிரிக்காக் கரையோரம் மடகாஸ்கர் வரையில் அந்த உறவினர்கள் பரவிக் கிடக்கிறார்கள். தெலுங்கின் 'அயிது' அந்தப் பந்தியில் உட்காராது.

ரத்த உறவு இல்லையே தவிர, இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஜாவாவில் கிடைத்த 732-ம் வருஷத்துச் சங்கல் சாஸனம் ஸம்ஸ்கிருத பாஷையில், பல்லவ எழுத்தில் பொறித்தது. அந்த எழுத்தின் பேரன் பேத்திதான் இன்றைய ஜாவா லிபி. தெலுங்கு லிபியும் பிராமியின் வழி வந்ததே. பழமையில் யார் மூத்தவர் என்று மல்லுக்கு நிற்பவர்கள் இரண்டு பக்கமும் ஜயிக்கலாம். தெலுங்கில் கல்வெட்டு 6-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது; ஜாவா மொழியில் தேதியிட்ட சாஸனம் 804-ல்தான் தொடங்குகிறது. ஆனால் காவியம் என்று வந்தால் கதை தலைகீழ். ஜாவா மொழி ராமாயணம் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அங்கே 996-ல் தர்மவங்ச அரசனின் சபையில் விராட பர்வத்தை ஜாவா மொழி வசனத்தில் படித்துக் கேட்டிருக்கிறார்கள். ராஜமகேந்திரபுரத்தில் ராஜராஜ நரேந்திரன் ஆதரவில் நன்னய பட்டர் தெலுங்கு மகாபாரதத்தைத் தொடங்கியது அதற்குப் பிறகு, 11-ம் நூற்றாண்டில். அவர் வன பர்வத்தின் நடுவில் விட்டுப்போக, 13-ம் நூற்றாண்டில் திக்கனர் வந்து விராட பர்வத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

இதிலே நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அந்த ராஜராஜ நரேந்திரன் நம் ராஜேந்திர சோழனுக்கு மருமகன். அக்காள் தங்கை பிள்ளை என்ற வகையிலும், பெண்ணைக் கொடுத்த வகையிலும். அதே ராஜேந்திரன் 1025-ல் கடாரத்தின் மீது கப்பல் படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தின் முதுகை முறித்ததால்தான் கிழக்கு ஜாவாவில் ஐர்லங்க அரசனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த ஐர்லங்கன் காலத்தில்தான் ம்பு கண்வர் 'அர்ஜுன விவாகம்' பாடினார். ஒரு நாவலுக்கு வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் எழுதலாம்; எனக்குப் பாத்திரங்கள் அதிகம்.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகு ஒன்று ராஜ்யம் ஆள, மற்றது ஒதுங்கி நிற்கக் காரணம் என்ன? ஒருவன் சுயநலக்காரன், மற்றவன் தியாகி என்று சொல்லிவிட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஷைக்குள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

வாயைத் திறந்தவுடன் நம்மை ஒரு கேள்வி கேட்காத பாஷையே கிடையாது. தெலுங்கு கேட்கிற கேள்வி, "வந்தது ஆண்பிள்ளையா?" என்பது. ஆண்பிள்ளை வந்தால் 'வச்சாடு'. பெண்பிள்ளை வந்தால் 'வச்சிந்தி'. பசு மாடு வந்தாலும் 'வச்சிந்தி'தான். ரயில் வந்தாலும் 'வச்சிந்தி'தான். ஒருமையில் பெண்ணுக்கு என்று தனி விகுதி கிடையாது. மாட்டோடும் மரத்தோடும் சேர்த்துவிட்டார்கள். நாலு பெண்கள் கூட்டமாக வந்தால்தான் மனித ஜாதியில் சேர்த்துக்கொண்டு 'வச்சாரு' என்கிறது இலக்கணம். மரியாதைக்காக ஒருத்தியையே பன்மையாக்கிச் சொல்வதும் உண்டு. இது தெலுங்கின் குறும்பு.

ஜாவா மொழி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே சொல். வினைச்சொல்லின் வாலில் நான், நீ, அவன் என்ற பேதங்கூட இல்லை. சபாஷ், என்ன சமத்துவம் என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அது கேட்கிற கேள்வி வேறு: "எதிரே நிற்கிறவர் உனக்கு மேலா, கீழா?"

சமமானவரிடமும் கீழே உள்ளவரிடமும் பேசுவதற்கு 'ங்கோக்கோ' என்று ஒரு நடை. மேலே உள்ளவரிடம் பேச 'கிரமா'. நம்முடைய 'கிரமம்' என்ற வடசொல்லேதான். பெரிய மனிதர்களின் உடல், உடைமை, செய்கைகளைச் சொல்வதற்குக் 'கிரமா இங்கில்' என்று இன்னும் ஓர் அடுக்கு. தாழ்ந்த நடையில் சாப்பிடுவதற்கு 'மங்ஙான்'. மரியாதையாகச் சொன்னால் 'நெடா'. சாப்பிடுகிறவர் பெரியவரானால் 'டாஹர்'. வீடு, ஆளைப் பொறுத்து 'ஓமா'வாகவோ 'கிரியா'வாகவோ 'தலெம்' ஆகவோ இருக்கும். தூங்குவதற்கும் மூன்று சொல். நாமும் 'சாப்பிட்டான்', 'சாப்பிட்டார்' என்கிறோம். சொல் ஒன்று, வால்தான் வேறு. அங்கே சொல்லே வேறு! 'நானும் சாப்பிட்டேன், தாத்தாவும் சாப்பிட்டார்' என்று தாத்தாவிடம் சொல்ல வேண்டுமானால் ஒரே மூச்சில் இரண்டு வெவ்வேறு வினைச்சொற்கள் வேண்டும். மாற்றிச் சொன்னால் தாத்தாவை அவமதித்தவன். அல்லது தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டவன்.

கதை எழுதுகிறவனாக இதை நினைத்துப் பார்த்தேன். இரவு பத்து மணி. மழை. முன்பின் தெரியாத ஒருவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து ஒரு குரல். அடுத்த வரி என்ன? தமிழிலே "யாரு?" என்று கேட்டுவிட்டுக் கதையை நகர்த்திக்கொண்டு போகலாம். அங்கே வெளியே நிற்கிறவனுடைய அந்தஸ்து தெரிகிற வரையில் நிம்மதியாக வாயைத் திறக்க முடியாது.

ஜாவாக்காரர்களுக்கு எழுத்து வந்த கதையை அவர்களே சொல்வார்கள். அஜி சாகா என்ற அரசன் தன் குறுவாளை ஒரு சேவகனிடம் ஒப்படைத்து, "நான் வந்து கேட்டாலொழிய யாருக்கும் கொடுக்காதே" என்று உத்தரவிட்டான். பிறகு மறந்துபோய், இன்னொரு சேவகனிடம் "போய் வாங்கி வா" என்றான். இரண்டு பேரும் எஜமான விசுவாசத்தில் குறைந்தவர்கள் அல்ல. சண்டை போட்டு இருவருமே செத்தார்கள். அவர்கள் ஞாபகமாக அரசன் இருபது எழுத்துக்களைப் படைத்தானாம். அந்த எழுத்துக்களை வரிசையாகச் சொன்னால் இந்தக் கதையே வாக்கியமாக வரும். குழந்தை 'அ, ஆ' கற்றுக்கொள்ளும்போதே உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து செத்தவர்கள் கதையையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறது!

இதை வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கார்த்தினி என்ற பெண்மணி, ஜெப்பாராவில் அரச உத்தியோகஸ்தரின் மகளாக 1879-ல் பிறந்து 25 வயதில் இறந்தவர், 1899-ல் தம் டச்சுத் தோழிக்கு எழுதிய கடிதத்தில் வீட்டு நடப்பைச் சொல்கிறார். தம்பி தங்கைகள் தம் முன்னால் தரையில் தவழ்ந்து போகவேண்டும். உயர்ந்த நடையில்தான் பேச வேண்டும். அதை எல்லாம் வேண்டாமென்று தங்கைகளிடம் நிறுத்திவிட்டதாக எழுதுகிறார். கவனியுங்கள்: தன் மனசைத் திறக்க அந்தப் பெண் தேடிக்கொண்டது டச்சு பாஷை.

பிளோரா ஜில்லாவில் ஸாமின் என்ற குடியானவர் ஒருவர் இருந்தார். அவருடைய கோஷ்டியார் வரி கொடுக்க மறுத்ததோடு, அதிகாரிகளிடமும் ங்கோக்கோவிலேயே பேசினார்கள். 'நீர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ'. டச்சு சர்க்கார் அவரை 1907-ல் நாடு கடத்திவிட்டது. 1917-ல் சுரபாயாவில் 'ஜாவா தீபா' என்ற இயக்கம், இனி எல்லோரிடமும் எல்லோரும் ங்கோக்கோவே பேசுவோம் என்று கிளம்பியது. பண்டிதர்களும் பிரபுக்களும் அசைந்து கொடுக்கவில்லை. இயக்கம் அடங்கிப் போயிற்று.

அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1928 அக்டோபர் 28-ல், வாலிபர் மகாநாட்டில் இந்தோனேஷிய பாஷை என்று புதுப் பெயர் வைத்து மலாயை ஒற்றுமை மொழியாக ஏற்றுக்கொண்டார்கள். 1945-ல் அரசியல் சட்டத்திலும் அது ஏறியது. மலாய்க்கு வேறு சௌகரியங்களும் இருந்தன. துறைமுகங்களில் அதுதான் சந்தைப் பேச்சு. டச்சுக்காரனும் நிர்வாகத்துக்கு அதைப் பயன்படுத்தியிருந்தான். ஜாவா மொழியைத் திணித்தால் மற்றத் தீவுக்காரர்கள் சீறியிருப்பார்கள். ஜாவாக்காரர்களிடம் பெருந்தன்மையே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாலிபர்கள் மலாயில் என்ன கண்டார்கள்? கலெக்டரிடமும் கப்பல் கூலியிடமும் ஒரே வினைச்சொல்லில் பேசலாம் என்பதைக் கண்டார்கள். அதே பிளோராவில் 1925-ல் பிறந்த பிரமூதியா அனந்த தூர் தம் நாவல்கள் எல்லாவற்றையும் இந்தோனேஷிய பாஷையில்தான் எழுதினார். 1980-ல் வெளிவந்த அவருடைய 'பூமி மனுஷியா'வில், படித்த வாலிபன் ஒருவன் அதிகாரியின் முன் தவழ்ந்துகொண்டு போக நேருகிறது. மனம் குமுறிக்கொண்டே தலை நிமிர்ந்து பார்த்தால் அதிகாரி சொந்தத் தகப்பன். இதைப் படித்த பிறகும் 'தியாகம்' என்று சொல்வீர்களா? எரிகிற வீட்டிலிருந்து ஓடி வந்தவனைப் பார்த்து, 'அடடா, வீட்டையே தானம் செய்துவிட்டான்!' என்று சால்வை போர்த்துகிறார் நம் தலைமையாசிரியர்.

ஆந்திரர்களுக்கு இந்த வியாதி இல்லாமல் இருந்ததா? இருந்தது. அவர்களுடைய சிறை வேறு மாதிரி. எழுதுவதானால் சென்னையில் பண்டிதராக இருந்த பரவஸ்து சின்னயசூரியின் இலக்கணப்படி கிராந்திக பாஷையில் எழுத வேண்டும். பேசுகிற மாதிரி எழுதினால் பாமரத்தனம். வித்தியாசம் எங்கே என்றால், இங்கே உள்வீட்டுச் சண்டை சரியான ஆட்களின் கையில் சிக்கியது. பர்லாகிமிடியில் உபாத்தியாயராக இருந்த கிடுகு ராமமூர்த்தி மலைஜாதி ஸவரர்களின் பாஷையைக் கற்று அதற்கு இலக்கணமும் அகராதியும் செய்த மனிதர். எழுத்தே இல்லாதவன் பேச்சுக்குக் காது கொடுத்தவருக்கு ஊரார் பேச்சு இழிவாகத் தோன்றுமா? விஜயநகரத்தில் குரஜாட அப்பாராவ். ஏட்ஸ் என்ற பள்ளி இன்ஸ்பெக்டர். அவர்களோடு தோள் கொடுத்தவர் ஒரு தமிழர்: விசாகப்பட்டணத்தில் காலேஜ் பிரின்ஸிபாலாக இருந்த பி. டி. சீனிவாச அய்யங்கார், பின்னால் தமிழர் சரித்திரம் எழுதியவர். எதிர்க்கட்சியில் ஜயந்தி ராமய்ய பந்துலு முதலியவர்கள் 1911-ல் ஒரு பரிஷத்தே ஸ்தாபித்தார்கள். சண்டை எதற்கு? பரீட்சையில் பையன்கள் வியாசம் எழுதும் தெலுங்கு எது என்பதற்கு! சென்னை சர்வகலாசாலைக் கமிட்டியில் சிறுபான்மையாகிப் போன குரஜாட 1914-ல் நீண்ட ஆட்சேபக் குறிப்பு எழுதி வைத்துவிட்டு, மறு வருஷம் கண்ணை மூடினார். அன்றைக்குத் தோற்றார்கள். ஆனால் அவருடைய 'கன்யாசுல்கம்' நாடகத்தில் தாசி மதுரவாணியும் புரட்டன் கிரீசமும் வைதிகர்களும் அவரவர் வாயால் பேசுகிறார்களே, அந்தப் பேச்சை எந்தக் கமிட்டியும் திரும்ப வாங்க முடியவில்லை. நாளடைவில் பத்திரிகையும் நாவலும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ல் உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. அவர் கேட்டதில் சென்னை நகரமும் சேர்ந்திருந்ததால் நமக்கு அந்தப் பெயரில் இன்னும் கொஞ்சம் உறுத்தல் உண்டு. இருக்கட்டும். தேசம் கூறு போகவில்லை என்பதை எழுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த ராஜ்யம் கிடைத்தபோது அதன் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் உட்காரத் தயாராக ஒரு வசனம் இருந்தது. அதைத் தயார் செய்தது முன் தலைமுறையின் சண்டை.

இதைக் கேட்டு ஆந்திர நண்பர்கள் மீசையை முறுக்க வேண்டாம். கிருஷ்ணா, கோதாவரி ஜில்லாக்காரர்களின் பேச்சு ஜயித்தது. ஜயித்தவுடன் அதுவே புதிய 'கிரமா' ஆகிவிட்டது. தெலங்கானாவின் பேச்சு சினிமாவில் யாருக்குக் கிடைத்தது? கோமாளிக்கும் ரௌடிக்கும். பாடப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. காளோஜி நாராயண ராவ் போன்றவர்கள் ஆயுள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் ராஜ்யம் இரண்டானதற்குத் தண்ணீர், உத்தியோகம், பணம் எல்லாம் காரணந்தான். ஆனால் பிரிந்த உடனே அவர்கள் காளோஜியின் பிறந்த நாளான செப்டம்பர் 9-ஐத் தங்கள் பாஷைத் திருநாள் ஆக்கிக்கொண்டார்கள். ஆந்திரத்தில் பாஷைத் திருநாள் ஆகஸ்டு 29, கிடுகு ராமமூர்த்தி பிறந்த நாள். ஒரே பாஷைக்கு இரண்டு திருநாள்! கேலி செய்யப்பட்டவன் சும்மா இருப்பதில்லை. இதற்கு நடுவில் 2019-ல் ஆந்திர சர்க்காரே தன் பள்ளிகளில் இங்கிலீஷைப் போதனா மொழியாக்க உத்தரவு போட்டு, 2020-ல் ஹைகோர்ட் அதை ரத்து செய்யவேண்டி வந்தது. 58 நாள் பட்டினி கிடந்தவரின் படம் அந்த ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்ததோ என்னவோ.

ஜாவா மொழி செத்துவிட்டதாகவும் யாரும் அழவேண்டாம். 1933-ல் சுரபாயாவில் டாக்டர் சுதோமோ ஆரம்பித்த 'பன்யெபர் ஸெமங்கத்' வாரப் பத்திரிகை எத்தனையோ காலம் தாக்குப் பிடித்தது. தோல் பாவைக் கூத்தில் வியாசருக்குத் தெரியாத ஒரு கோமாளி வருவான். செமார் என்று பெயர். தொந்தி வயிற்றுக் கிழவன், பாண்டவர்களின் சேவகன். தேவர்களிடம்கூட அவன் ங்கோக்கோவில் பேசுவான்; யாரும் அவனைக் கண்டிக்க முடியாது. 2020-ல் இறந்துபோன டிடி கெம்போட் என்ற பாடகர் காதலி கைவிட்ட சோகத்தைத் தெருப் பேச்சிலே பாட, ஆயிரக்கணக்கான வாலிபர்கள் கூடவே பாடி அழுதார்கள். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டொரு மணி கிரமா சொல்லிக்கொடுத்து எவனையும் அப்படி அழ வைத்ததாகத் தெரியவில்லை.

இத்தனையும் சொல்லித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பதில் எழுதாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். கோபமில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பேரனைப் பற்றிச் சொன்னேனே, ஸார், தாத்தாவிடம் இந்தோனேஷிய பாஷை பேசுகிறான் என்று. ஏன் அப்படி என்று நான் அவனிடம் கேட்டேன். மேடையில் அதைச் சொல்லவில்லை" என்றார்.

"என்ன சொன்னான்?"

"'கிரமாவில் ஒரு சொல் தப்பினால் தாத்தாவை அவமதித்ததாகிவிடும். இந்தோனேஷிய பாஷையில் அந்தப் பயம் இல்லை' என்றான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வெகு காலத்துக்கு முன் ஐதராபாத்தில் உறவுக்காரர்கள் கல்யாணம். நான் பேசிய தெலுங்கைக் கேட்டு முற்றத்தில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். 'அரவத் தெலுங்கு, அரவத் தெலுங்கு' என்று குழந்தைகள்கூட. அரவம் என்றால் தமிழ், தெரியுமல்லவா? எங்கள் பாட்டி பேசிய தெலுங்கு, ஸார் அது. நாலு நாள் அந்த வீட்டில் இருந்தேன். நாலு நாளும் இங்கிலீஷிலேயே பேசிவிட்டு வந்தேன்" என்றார்.